கோப்பில் சேர்க்கவும்

மார்ச் 4

மாண்புமிகு தனியுரிமை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நலம். தங்கள் நலத்தை விசாரிக்க எனக்கு அனுமதி உண்டா என்று தெரியவில்லை. இருந்தாலும் விசாரிக்கிறேன்.

'தாங்கள்' இதற்கு மேல் எனக்கு வராது. நீ என்றே எழுதுகிறேன், கோப்பு பொறுத்துக்கொள்ளட்டும்.

உன் ஆணையத்தின் உத்தரவு நேற்று எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. இந்தக் கடிதத்தை வழியில் யார் யாரோ படிக்கப்போகிறார்கள். அவர்களுக்கும் தலையும் வாலும் புரிய வேண்டுமே என்று கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பஸ் டிரைவர் ஒருவர். மனைவி இறந்த பிறகு தூக்கம் வராமல், மனசு சரியில்லாமல், அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். அந்த விவரத்தை ஆஸ்பத்திரி அவருக்கே தெரியாமல் போக்குவரத்துத் துறைக்கு அனுப்பிவிட்டது. டெப்போவில் அவரை வண்டியிலிருந்து இறக்கி, பாஸ் கொடுக்கிற ஜன்னலில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர் உன்னிடம் புகார் கொடுத்தார். அரசு தரப்பில் வாதாட என்னைப் போட்டார்கள்.

புருஷன் வாதாடுகிற வழக்கைப் பெண்டாட்டி விசாரிக்கக் கூடாது. நீ ஒதுங்க வேண்டும், வழக்கு துணை ஆணையரிடம் போக வேண்டும். அதுதான் விதி. ஆனால் புகார் கொடுத்தவரே சம்மதித்து எழுதிக் கொடுத்தால் நீ தொடரலாம். டிரைவர் எழுதிக் கொடுத்துவிட்டார், ஒரு நிபந்தனையோடு. வழக்கு முடிகிற வரை விசாரணை அறைக்கு வெளியே நாம் பார்த்துக்கொள்ளக் கூடாது. போனில் பேசக் கூடாது. கடிதம் எழுதலாம், ஆனால் அது வழக்குக் கோப்பில் சேர வேண்டும். கோப்பை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

அடுத்தவர் விஷயத்தில் யாரும் மூக்கை நுழைக்கக் கூடாது என்று பார்த்துக்கொள்ளத்தான் இந்த நாடு உனக்குச் சம்பளம் கொடுக்கிறது. உன் வீட்டு விஷயம் மட்டும் சந்தி சிரிக்கப்போகிறது.

மூன்று வருஷமாக நீ தலைநகரத்தில், நான் இங்கே. வீட்டுச் செய்தி இதுதான். சமையலறைக் குழாய் சொட்டுகிறது. வாஷர் வாங்கி வைத்திருக்கிறேன், மாற்ற நேரம் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா, "மேடம் எப்ப வருவாங்க?" என்று தினமும் கேட்கிறார். "வழக்கு முடிஞ்சதும்" என்றேன். என்ன நினைத்துக்கொண்டாரோ, அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் பாவமாகத் தலையை ஆட்டுகிறார்.

கடைசியாகப் போனில் நீ கேட்ட கேள்வி: "இந்த வழக்கை ஏன் எடுத்தே?" நான் பேசாமல் இருந்தேன். நீ வைத்துவிட்டாய். பதில் இல்லாமல் இல்லை.

ஜூனியர்
(அரசு வழக்கறிஞர், ஆணையரின் கணவர். இரண்டையும் போடச் சொல்லி உத்தரவில் இருக்கிறது.)


மார்ச் 11

அன்புள்ள ஜூனியருக்கு,

உங்கள் கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது.

வழக்கைப் பற்றி இனி ஒரு வரியும் எழுத வேண்டாம். நான் போனில் கேட்ட கேள்விக்கும் இப்போது பதில் வேண்டாம். நீங்கள் எதைச் சொன்னாலும் யாராவது ஒருவருக்குச் சாதகமாகப் போகும். கேட்டது என் தவறு.

அலுவலகம் நான்காவது மாடியில். நம் பழைய அறை உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு மேஜைக்கு மூன்று அரசு வக்கீல்கள், என் நாற்காலியை இழுத்தால்தான் நீங்கள் உள்ளே வர முடியும். இங்கே என் அறையில் இருபது பேர் உட்காரலாம், ஆனால் நான் மட்டும்தான் இருக்கிறேன். யாராவது வந்து போனால் கதவு தானாக, மெதுவாகச் சாத்திக்கொள்கிறது.

வந்த புதிதில் கணக்கு அதிகாரி டிபன் பாக்ஸோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். நன்றாகப் பேசினார். மறுநாள்தான் தெரிந்தது, அவருடைய மைத்துனர் கம்பெனி மேல் நம்மிடம் ஒரு புகார் இருக்கிறது என்று. அன்றிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிறேன். யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால், இவர் மனு எந்த அலமாரியில் இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றுகிறது. இப்படி ஆகிவிட்டேனே என்று வருத்தமாக இருக்கிறது.

இருபத்திரண்டு வருஷம் 'அரசு தரப்பில்' என்று ஆரம்பித்துத்தான் எழுந்து நின்றிருக்கிறேன். சரியோ தப்போ, நான் யாருக்காகப் பேசுகிறேன் என்று எனக்குத் தெரியும். தோற்றாலும் கூட நாலு பேர் சேர்ந்து கான்டீனில் திட்டித் தீர்ப்போம். இப்போது என்னோடு சேர்ந்து திட்ட ஆள் இல்லை.

அரசு குடியிருப்பில் சாப்பாட்டு மேஜைக்கு நாலு நாற்காலி. ஒவ்வொன்றின் முதுகிலும் பொதுப்பணித்துறை நம்பர். மூன்றில் கோப்புகள் உட்கார்ந்திருக்கின்றன.

குழாயைச் சரி செய்யுங்கள்.

சீனியர்
கோப்பில் சேர்க்கவும்.


மார்ச் 26

சீனியருக்கு,

கல்யாணத்துக்குப் பிறகு உன் வாயிலிருந்து எனக்கு 'நீங்கள்' வந்தது என் அம்மா முன்னாலும் நீதிபதி முன்னாலும் மட்டும்தான். இப்போது கோப்புக்கும் அந்த மரியாதை கிடைத்திருக்கிறது. வாழ்க கோப்பு.

போன வாரம் பல் டாக்டரிடம் போனேன். உள்ளே நுழைந்ததும் சுவரில் உன் முதல் சுற்றறிக்கை, சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. 'எதற்கு என்று சொல்லாமல் யாரிடமும் எதையும் கேட்கக் கூடாது.' சீட்டு எழுதுகிற பெண் என் அப்பா பெயரைக் கேட்டாள். சும்மா இருந்திருக்கலாம். வீட்டு விசுவாசம் விடவில்லை. "எதுக்கும்மா?" என்றேன். அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே போய்க் கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன், எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் அப்பா பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

வீட்டில் பேச்சு சத்தமே இல்லை. அது ஒன்றுதான் பெரிய மாற்றம். முன்பெல்லாம் மறுநாள் வழக்கு இருந்தால் நீ சமையலறையில் வாதாடிக் காட்டுவாய். ஃப்ரிட்ஜ்தான் எதிர்த்தரப்பு. நான் நீதிபதி, பட்டாணி உரித்துக்கொண்டே கேட்பேன். நடுவில் நான் ஏதாவது கேட்டால், "நீதிபதி பட்டாணியைப் பார்க்கட்டும்" என்பாய். இப்போது நானே வாதாடி நானே கேட்டுக்கொள்கிறேன். ஃப்ரிட்ஜ் பழகிய முகத்தோடு நிற்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஆவணங்கள் கொடுக்கத் தலைநகரத்துக்கு வந்திருந்தேன். உன் மாடிக்கு வரவில்லை, கீழே பதிவறையோடு சரி. அங்கே ஒருவர் மேஜையில் கோப்பை விரித்து, விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"சார், நான்தான் அந்த டிரைவர்."

எதிர்த்தரப்புக்காரரோடு பேசக் கூடாது, தலையை மட்டும் ஆட்டினேன். கதவு வரைக்கும் கூடவே வந்தார்.

"கேஸைப் பத்தி இல்ல சார். வாஷர் மாத்தினா நிக்காது. உள்ள மரை தேஞ்சிருக்கும். குழாயையே மாத்திடுங்க."

ரயிலில் திரும்பும்போது தனியாகச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஜூனியர்


ஏப்ரல் 9

அன்புள்ள ஜூனியருக்கு,

உங்கள் கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது.

ஒரு நிருபரும் கோப்பைப் பார்த்திருக்கிறார். ஞாயிறு பேப்பரில் ஒரு பெட்டிச் செய்தி: 'கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடும் ஆணையர்.' கணக்கு அதிகாரி, தனக்கும் மைத்துனருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்று இரண்டு பக்க விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். காபி கொண்டு வருகிற அம்மா கோப்பையை வைத்துவிட்டு, கதவைச் சாத்தவா திறந்து வைக்கவா என்று தெரியாமல் பாதியில் பிடித்துக்கொண்டு நின்றார்.

இனி சுருக்கமாக எழுதுவேன்.

மூன்று நாள் காய்ச்சல். இப்போது பரவாயில்லை. இதை எழுதலாமா என்று யோசித்தேன். டிரைவருடைய ஆஸ்பத்திரிச் சீட்டு அதே கோப்பில்தான் இருக்கிறது. என்ன மாத்திரை, எத்தனை வேளை, டாக்டரிடம் என்ன சொல்லி அழுதார், எல்லாம். அவர் அவ்வளவு காட்டிவிட்டு நிற்கும்போது என் காய்ச்சலை ஒளிப்பது நன்றாக இல்லை. அதனால் எழுதிவிட்டேன்.

சீனியர்
கோப்பில் சேர்க்கவும்.


ஏப்ரல் 13

சீனியர்,

எவ்வளவு காய்ச்சல்? யார் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்கள்? டாக்டர் வந்தாரா, நீயே மாத்திரை போட்டுக்கொண்டாயா? உனக்குக் காய்ச்சல் வந்தால் போர்வையைத் தள்ளிவிடுவாய், யாராவது பக்கத்தில் உட்கார்ந்து இழுத்து இழுத்துப் போர்த்த வேண்டும். யார் போர்த்தினார்கள்?

உன் கடிதம் கைக்கு வருவதற்குள் காய்ச்சல் வந்து போயேவிட்டது. பை எடுத்து வைத்தேன். பிறகு உத்தரவை எடுத்துப் படித்தேன். பையைப் பரணில் போட்டுவிட்டேன்.

இதையெல்லாம் படிக்கிற புண்ணியவான்களே, உங்களில் யாராவது நான்காவது மாடிக்குப் போய் அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று ஒரு தடவை கேளுங்கள்.

ஜூனியர்


மே 20

ஜூனியருக்கு,

விசாரணை முடிந்துவிட்டது, உத்தரவை ஒத்தி வைத்திருக்கிறேன். எனவே இதை எழுதுவதில் சட்டப்படி தவறில்லை என்று துணை ஆணையரிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பஸ்ஸில் நாற்பது உயிர் இருக்கிறது என்றீர்கள். அது நல்ல வாதம். யார் வந்திருந்தாலும் அதைச் சொல்லியிருப்பார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நீங்கள் பையைத் திறந்து ஒரு பழைய தீர்ப்பை எடுத்தீர்கள். அட்டையைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அரசு வக்கீலாக நான் ஜெயித்த முதல் பெரிய வழக்கு. 'அரசு என்பது ஒரே ஆள். அதன் ஒரு கைக்குத் தெரிந்தது இன்னொரு கைக்குத் தெரியக் கூடாது என்று சொல்ல முடியாது.' என் வார்த்தைகள். நான் எங்கே நிறுத்துவேனோ அங்கேயே நிறுத்திப் படித்தீர்கள். படித்துவிட்டு, "இதைவிடத் தெளிவாக இதுவரை யாரும் சொன்னதில்லை, மாண்புமிகு ஆணையர் அவர்களே" என்றீர்கள்.

அறையில் சிலர் சிரித்தார்கள். நான் எழுதிக்கொண்டிருந்தேன். என்ன எழுதினேன் என்று பிறகு பார்த்தால், தேதியை மூன்று முறை எழுதியிருக்கிறேன்.

அந்த வாதத்தில்தான் எனக்குப் பெயர் வந்தது. பதவி உயர்வு வந்தது. இந்த நாற்காலிக்கு என் பெயரைச் சொன்னவர்களும் அதைச் சொல்லித்தான் சொன்னார்கள்: அரசு எப்படி யோசிக்கும் என்று தெரிந்தவள். அதை யார் வேண்டுமானாலும் என் முகத்துக்கு நேரே காட்டியிருக்கலாம். நீங்கள் காட்டினீர்கள்.

சீனியர்
கோப்பில் சேர்க்கவும்.


மே 29

சீனியருக்கு,

கோபம் வந்தால் உன் எழுத்து சாயும். இந்தக் கடிதத்தில் எல்லா எழுத்தும் படுத்தேவிட்டது.

கொடுத்த வழக்கை அரைகுறையாக வாதாடுகிறவன் கட்சிக்காரனுக்கும் துரோகி, கோர்ட்டுக்கும் துரோகி என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? நான் வேலைக்குச் சேர்ந்த வாரம், கையில் வெற்றுக் காகிதத்தோடு ஆஜரானதற்கு வராந்தாவில் நிற்க வைத்துக் கிழித்தாயே. அன்று ஜூனியர் என்று கூப்பிட்டது இன்று வரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் தீர்ப்பை நான் எடுக்காமல் விட்டிருந்தால், பெண்டாட்டிக்காக விட்டுக் கொடுத்தான் என்பார்கள். அதைவிட, நீயே என்னை மதித்திருக்க மாட்டாய். யோசித்துப் பார்.

இருந்தாலும் எனக்கு நன்றாக இல்லை. நீ நிமிர்ந்தே பார்க்கவில்லை. புதுக் கண்ணாடி போட்டிருந்தாய். எப்போது மாற்றினாய் என்று எனக்குத் தெரியாது. உன் கண்ணில் பவர் ஏறியது ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை.

விசாரணை முடிந்து நீ இறங்கி வரும்போது நான் லிப்ட் வாசலில் நின்றிருந்தேன். காவலர் கையை நீட்டி, "சார், நீங்க படியில போயிடுங்க" என்றார். போனேன்.

எனக்கு மறுநாள்தான் ரயில். சாயங்காலம் லாட்ஜ் அறையில் இருக்கப் பிடிக்காமல் நடந்தேன். நடந்து நடந்து உன் தெருவுக்கே வந்துவிட்டேன். வேண்டுமென்று வரவில்லை என்று சொன்னால் கோப்பு நம்பாது. எதிர்ப்பக்கம் மருந்துக் கடையில் இருமல் மாத்திரை வாங்கினேன், எனக்கு இருமலே இல்லை. மாடியில் உன் ஜன்னலில் விளக்கு எரிந்தது. பால்கனி விளக்கும் போட்டாய். பிறகு அணைத்துவிட்டாய். நான் திரும்பிவிட்டேன். பார்க்கவில்லை, பேசவில்லை, நிபந்தனை மீறப்படவில்லை. வேண்டுமானால் மருந்துக் கடைக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிடலாம்.

அந்த மாத்திரை இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது.

ஜூனியர்


ஜூன் 12

அன்புள்ள ஜூனியருக்கு,

பார்த்தேன். மருந்துக் கடை வெளிச்சத்தில் நீங்கள் பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினீர்கள். நீங்கள் சந்திப்பு என்று சொல்லாவிட்டாலும் நான் சொல்ல வேண்டும் என்பதால் மறுநாள் காலை பதிவறையில் எழுதிக் கொடுத்தேன்: 'ஆணையர் பால்கனியிலிருந்து அரசு வழக்கறிஞரைக் கண்டார். பேச்சு இல்லை.' பதிவறை அம்மா முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "இதையுமா மேடம்?" என்றார். இதையும்தான் என்றேன். குத்தும்போது சத்தமே வரவில்லை.

விளக்கை அணைத்தது உங்களைப் போகச் சொல்லி அல்ல. இருட்டில் நின்றால் இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்றுதான். நீங்கள் திரும்பிவிட்டீர்கள்.

ஒரு மனு வந்திருக்கிறது. டிரைவர் தன் கையால் எழுதியது. அது நம்மைப் பற்றியது, அதனால் நான் விசாரிக்க முடியாது, துணை ஆணையரிடம் அனுப்பிவிட்டேன். நகல் நமக்கு உண்டு. அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா, என் மாத்திரை சமாச்சாரம் டெப்போவில எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. சின்னப் பசங்க கூட, 'அண்ணே, நைட்டு தூங்கினீங்களா'ன்னு கேக்கறாங்க. நல்ல மனசோடதான் கேக்கறாங்க. ஆனா எனக்கு உடம்பு கூசுது. இந்தக் கடுதாசியெல்லாம் கோப்புல போடணும்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன். வக்கீல் சொன்னாரு, கையெழுத்துப் போட்டேன். ஒரு தடவை என்னதான் இருக்குன்னு படிச்சேன். அப்புறம் வாராவாரம் வந்து படிக்க ஆரம்பிச்சுட்டேன். வீட்ல பேச ஆள் இல்லாதவனுக்கு அது நல்லா இருந்துச்சும்மா. அடுத்தது எப்ப வரும்னு காத்துக் கிடந்தேன். அந்தக் காய்ச்சல் கடுதாசியைப் படிச்சிட்டு நாலாவது மாடி வரைக்கும் ஏறி வந்தேன், கதவு சாத்தியிருந்துச்சு, திரும்பிட்டேன். அன்னிக்குத்தான் உறைச்சுது. எனக்குப் பண்ணினதைத்தான் நானும் பண்ணிக்கிட்டிருக்கேன். இதை யாரும் படிக்க வேணாம். கவர்ல போட்டு ஒட்டி அவங்ககிட்டயே குடுத்துடுங்க. கேஸு ஜெயிச்சாலும் தோத்தாலும் சரி."

துணை ஆணையர் அனுமதித்துவிட்டார். உத்தரவு வாசிக்கப்படும் நாளில் எல்லாக் கடிதங்களும் கோப்பிலிருந்து எடுக்கப்படும். உங்களுடையது உங்களுக்கு, என்னுடையது எனக்கு.

இது அதற்கு முன் கடைசிக் கடிதமாக இருக்கட்டும். உத்தரவு எழுத வேண்டும். எழுத உட்கார்ந்தால் நான் ஜெயித்த வழக்கே எதிரில் வந்து உட்காருகிறது.

சீனியர்
கோப்பில் சேர்க்கவும்.


ஜூலை 6

என் சீனியருக்கு,

இந்த உறையை நானே ஒட்டினேன். ஒட்டிவிட்டுப் பழக்கதோஷத்தில் மேலே 'கோப்புக்கு' என்று எழுதி, கிழித்துவிட்டு வேறு உறை எடுத்தேன்.

நீ உத்தரவை வாசிக்கும்போது நான் மூன்றாவது நாற்காலியில். அரசு தோற்கப்போகிறது என்று பத்தாவது பத்தியிலேயே தெரிந்தது. நாற்பது உயிரை நீ தள்ளிவிடவில்லை. டிரைவர் வண்டி ஓட்டத் தகுதியானவரா என்று துறைக்குச் சந்தேகம் இருந்தால் அவரிடம் சொல்லிவிட்டு, அவரை வரவழைத்துச் சோதிக்கட்டும், முதுகுக்குப் பின்னால் சீட்டைப் படிக்க வேண்டாம் என்றாய். சரி. அதன் பிறகு உன் பழைய வாதத்துக்கு வந்தாய். தண்ணீர் குடித்தாய். இருபத்தொன்றாவது பத்தி.

'டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்றியவன், மேலதிகாரி முன்னாலும் கழற்றியதாக ஆகிவிடுமா?'

அது நான் சொன்னது. அத்தனை வருஷத்துக்கு முன்னால், சமையலறையில், மடியில் பட்டாணியோடு. நீ ஃப்ரிட்ஜைப் பார்த்து 'அரசு என்பது ஒரே ஆள்' என்று கையை நீட்டினாய், நான் இதைக் கேட்டேன். நீ ஒரு நொடி நின்றாய். "நீதிபதி பட்டாணியைப் பார்க்கட்டும்" என்றாய். மறுநாள் கோர்ட்டில் யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை, நீ ஜெயித்தாய். நான் மறந்தே போயிருந்தேன். மறக்காமல் இருந்தாலும் அரசு தரப்பில் நின்றுகொண்டு அதைச் சொல்லியிருக்க முடியாது. நீ இத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறாய்.

வெளியே வந்தேன். டிரைவர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், தோத்துட்டீங்க. மூஞ்சி ஏன் இப்படி மலர்ந்து கிடக்கு? தோத்துட்டு சிரிக்கிற வக்கீலை இப்பதான் பாக்கறேன்."



இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். சட்டச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். வழவழவென்று ஏதேதோ பேசினார். கடைசியில், "நீங்க ஆஜரானா உங்க வீட்டம்மா ஒதுங்கிக்குவாங்க, அவ்வளவுதான் விஷயம்" என்றார். எதற்காக என்னைப் பிடித்தார்கள் என்று எனக்குத் தெரியும். பச்சைப் பிள்ளை இல்லையே. நீ ஒதுங்கினால் துணை ஆணையர் கோப்பை மூடிவிடுவார். அப்படி ஒரு அவமானத்துக்குப் பிறகு நீ அந்த நாற்காலியில் ஒரு மாதம் உட்கார மாட்டாய். ராஜினாமா எழுதுவாய். பெட்டியோடு ரயிலில் வந்து இறங்குவாய்.

எனக்கு அது வேண்டியிருந்தது. நீ வீட்டுக்கு வர வேண்டும். வேறு ஒன்றும் இல்லை. மூன்று வருஷமாக ஒரே ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்துகிறேன். டிரைவர் என் கண்ணில் படவே இல்லை. நீ கூட முழுசாகப் படவில்லை, நீ வந்து இறங்குவது மட்டும்தான் பட்டது. நீ ஒதுங்கவில்லை. நல்லவேளை என்று நினைக்கிறேன், தினமும் நினைக்க முடியவில்லை.

அப்பீல் போகிறார்கள். அதையும் என்னிடம் கொடுத்தார்கள். "மாட்டேன்" என்றேன். இந்தச் சின்ன வார்த்தை சர்வீஸில் ஒரு நாளும் என் வாயில் வந்ததில்லை. செயலாளர் இன்னொரு முறை சொல்லச் சொன்னார், காது கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ. மறு வாரமே மாற்றல். பழைய சட்டங்களைத் தொகுத்து அச்சுக்குக் கொடுக்கிற பிரிவு, ஒரு துறைமுக ஊரில். உன்னிடமிருந்து இரண்டு ரயில் மாற வேண்டும். முன்னைவிட இன்னும் தூரம்.

குழாயை மாற்றிவிட்டேன். அவர் சொன்னது சரி, மரைதான் தேய்ந்திருந்தது. வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். வழக்கு முடிந்துவிட்டதா என்று கேட்டார். முடிந்தது என்றேன். கட்டிப் பிடித்து அழுதார். விளக்கிச் சொல்லத் தெம்பு இல்லை, விட்டுவிட்டேன்.

ஜூனியர்


ஜூலை 14

ஜூனியர்,

நீ.

இதை எழுதிவிட்டு வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மாதமாக 'நீங்கள்' எழுதி எழுதி, நீ யாரோ மாதிரியே ஆகிவிட்டாய்.

நீ ஏன் எடுத்தாய் என்று எனக்கு அன்றே தெரியும். போனில் நீ பேசாமல் இருந்தாயே, அப்போதே. அதனால்தான் வைத்தேன். இன்னும் ஒரு நிமிஷம் இருந்திருந்தால் நீ சொல்லியிருப்பாய், நானும் பெட்டியை எடுத்திருப்பேன். கோபம் இல்லை என்று சொன்னால் பொய். கொஞ்சம் இருக்கிறது, இருக்கட்டும், நேரில் தீர்த்துக்கொள்ளலாம்.

கோப்பில் எழுத முடியாததை எழுதுகிறேன். காய்ச்சல் மூன்று நாள் இல்லை, பத்து நாளுக்கு மேல். குளியலறையில் விழுந்தேன். அப்படியே தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன், யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தால் மனுதாரர்கள் பெயர்தான் வந்தது. போர்வையை யாரும் போர்த்தவில்லை. புதுக் கண்ணாடி போடுவதற்கு முன் இரண்டு மாதம் கோப்புகளைக் குத்துமதிப்பாகத்தான் படித்தேன், இதை நீ யாரிடமும் சொல்லக் கூடாது.

இருபத்தொன்றாவது பத்தியை நான் எழுதவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தேன், என் வாதத்துக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை. அவ்வளவு கெட்டியாகக் கட்டியிருக்கிறேன். பிறகு சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று சத்தமாக வாதாடினேன். 'அரசு என்பது ஒரே ஆள்' என்று சொல்லி நிறுத்தினேன், நீ கேட்டாய். அந்த ஒரு நொடி நான் ஏன் நின்றேன் தெரியுமா? அன்றைக்கே நான் தோற்றுவிட்டேன்.

நான் ஒதுங்காததற்கு டிரைவர்தான் காரணம். அது உண்மை, கோப்பிலும் இருக்கிறது. கோப்பில் இல்லாதது ஒன்று. இத்தனை வருஷத்தில் நீ எனக்கு ஒரு கடிதம் எழுதியதில்லை. போனில் 'சாப்டியா', 'சாப்டேன்', 'பில் கட்டிட்டியா', அதோடு சரி. வழக்கு வந்த பிறகுதான் உனக்கு என்னிடம் சொல்ல எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. உத்தரவு வாசித்த மறுநாள் தபால் வருகிற நேரத்துக்குத் தானாக எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன். அந்த டிரைவரும் நானும் ஒரே வரிசையில்தான் காத்திருந்திருக்கிறோம்.

அவர் மறுபடி வண்டி ஓட்டுகிறார். நேற்று எங்கள் சிக்னலில் ஒரு பஸ் நின்றது, அவர் மாதிரி இருந்தது. கையைத் தூக்கலாமா என்று யோசிப்பதற்குள் பச்சை விழுந்துவிட்டது.

என் பதவிக்காலம் இன்னும் இரண்டு வருஷம். இருந்து முடிப்பேன். நீ ராஜினாமா செய்துவிட்டு வா என்று சொல்ல மாட்டேன், நீ என்னிடம் சொல்லாமல் விட்டதை நானும் சொல்லாமல் விடுகிறேன். ஒரு நாற்காலியிலிருந்து கோப்புகளை இறக்கிக் கீழே வைத்துவிட்டேன். முதுகில் நம்பரோடு காலியாக இருக்கிறது.

உன் புது விலாசம் அனுப்பு. கதவு என்ன நிறம், ஜன்னலில் என்ன தெரிகிறது, எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கிறாய், காலையில் என்ன சாப்பிட்டாய், யாரோடு பேசினாய், யாரோடும் பேசாமலே ஒரு நாள் போயிற்றா, அந்த இருமல் மாத்திரை இன்னும் பையில்தான் இருக்கிறதா. எல்லா விவரமும் எனக்கு வேண்டும்.

எதற்கு என்று சொல்ல மாட்டேன்.

சீனியர்